மச்சான் அனுப்பிய முக்கோணங்கள்

“ஏங்க, அண்ணன் அனுப்பின படம் வந்துச்சா?”

அடுக்களையிலிருந்து மனைவி இப்படிக் கேட்டபோது, டெய்லர் புதிதாகப் போட்ட குளியலறைத் தரையைக் குனிந்து ரசித்துக்கொண்டிருந்தார். டைல்ஸ் ஒட்டிய மேஸ்திரி, கையைத் துடைத்தபடி, பாராட்டுக்காகப் பின்னாலேயே நின்றார்.

“என்ன படம்?” என்றார் டெய்லர்.

“போன்ல சொன்னாரே. லினோ கட்டாம். தரையில ஒட்டுற லினோலியம் விரிப்புல செதுக்கி, மை தடவி, தாளை மேல வெச்சு ஒத்தி எடுப்பாங்களாம். நமக்குன்னே ஒண்ணு எடுத்து, சுருட்டி அனுப்பிட்டேன்னாரு.”

“சுருட்டியா?”

“ஆமா. கறுப்பும் சிவப்பும். எல்லாம் முக்கோணமும் சதுரமுமா இருக்குமாம். ஏன், வந்துச்சா?”

டெய்லர் தரையைப் பார்த்தார். கறுப்பும் சிவப்பும். முக்கோணமும் சதுரமும்.

நடந்தது இதுதான். சில நாள் முன்பு வாசல்படியில் சுருட்டிய தடித்த தாள் ஒன்று சாய்ந்து நின்றது. பேர் இல்லை, ஊர் இல்லை, ஒரு வரி எழுத்து இல்லை. பிரித்தால் உள்ளே கோடும் கட்டமுமாக இருந்தது. ஆயுள் முழுக்கத் துணி வெட்டியவருக்குக் கோடு போட்ட தாள் எதைக் கண்டாலும் வெட்டுகிற அளவுத் தாளாகத்தான் தெரியும். குளியலறைக்கு ஏதாவது புதுசாக ஒரு டிசைன் அனுப்புங்கள் என்று டைல்ஸ் கடையில் சொல்லி வைத்திருந்தார். சரி, அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து, மேஸ்திரி கையில் தாளைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

“மேஸ்திரி,” என்றார் டெய்லர், குரலை ரொம்பத் தாழ்த்தி. “நான் குடுத்த அந்தத் தாள் எங்க?”

“எந்தத் தாள்? டிசைனா?”

“மெதுவாப் பேசுங்க. அதான்.”

“அதை வெட்டிட்டேனே சார்.”

“வெட்டிட்டீங்களா?”

“பின்ன? முக்கோணத்தைத் தனியா வெட்டணும், சதுரத்தைத் தனியா வெட்டணும், டைல்ஸ் மேல வெச்சு நாலு மடங்காக் கோடு போடணும். சும்மா பார்த்துக்கிட்டே போட்டா கோணிக்கிட்டுப் போயிடும். உங்க தொழில்ல பேப்பரை வெட்டாமயா துணியை வெட்டுறீங்க?”

டெய்லர் அடுக்களைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“வெட்டின துண்டெல்லாம்?”

“போட்டு முடிச்ச துண்டை எல்லாம் சிமெண்ட் வாளியில போட்டேன். இதோ, ஒண்ணு மிச்சம் இருக்கு.” டீக் கிளாஸுக்கு அடியிலிருந்து ஒரு சிவப்பு முக்கோணத்தை உருவி நீட்டினார். அதில் கிளாஸின் வளையம் அழகாகப் பதிந்திருந்தது. “ஒண்ணு சொல்லணும் சார். அற்புதமான டிசைன். மூலையில ஒரு கறுப்பு வட்டம் வரும் பாருங்க, தண்ணி போற ஓட்டை கரெக்டா அதுல போய் உட்கார்ந்துச்சு. அளந்து வெச்ச மாதிரி.”

“ஓட்டையா,” என்று முனகினார் டெய்லர். மச்சானின் படத்தில் ஓட்டை. அதுவும் குளியலறை ஓட்டை.

வேறு யாருடைய படமாக இருந்தாலும் ஒரு மன்னிப்போடு போயிருக்கும். ஆனால் இவர் மனைவியின் அண்ணன். பெரிய ஓவியர். எவருக்கும் புரியாத படங்களை வரைவார், புரியவில்லை என்று எவரும் சொல்ல மாட்டார்கள், ஆகவே பெரிய ஓவியர். அவருடைய முதல் கண்காட்சிக்கு டெய்லர் போயிருந்தார். சுவர் நிறைய முக்கோணமும் செவ்வகமும். ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு மௌனமாக நின்ற நேரத்தில், இவர் மனமாரத்தான் சொன்னார்: “கட்டிங் நல்லா இருக்கு மச்சான். எப்போ தைப்பீங்க?”

அன்றிலிருந்து அண்ணன் இந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. தங்கை போன் செய்தால் ‘உம்’ என்பார், ‘சரி’ என்பார், வைத்துவிடுவார். தங்கை அழாத பண்டிகை இல்லை, விசேஷம் இல்லை. இப்போதுதான், இத்தனை வருஷம் கழித்து, அவராகவே போன் செய்து படம் அனுப்பியிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் படம் சிமெண்ட் வாளியில் கிடக்கிறது.

“கேட்டதுக்குப் பதிலே காணோம்,” என்று மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். “வந்துச்சா, இல்லையா?”

“வந்துச்சு,” என்றார் டெய்லர். வாய் அதுபாட்டுக்குப் பேசியது. “ஃப்ரேம் போடக் குடுத்திருக்கேன்.”

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “நீங்களேவா? நான் சொல்லாமயா?”

“என் மச்சான் படத்துக்கு நான் ஃப்ரேம் போடக் கூடாதா?”

அவள் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதற்கும் அவள் இப்படி உருகியதில்லை. உடனே போனை எடுத்தாள். டெய்லர் தடுப்பதற்குள் பேசி முடித்துவிட்டாள்.

“அண்ணே, படம் வந்துடுச்சாம். இவரே கொண்டு போய் ஃப்ரேம் போடக் குடுத்துட்டாரு. ஆமாண்ணே. இவரேதான். நிஜமா.” கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு முகம் பூத்துப்போய்ப் போனை வைத்தாள். “ஞாயித்துக்கிழமை வர்றாங்களாம். அண்ணியும். சுவத்துல மாட்டினதைப் பார்க்கணுமாம். ஏங்க, அண்ணனுக்கு ஒரு வெள்ளைச் சட்டை தெச்சுடுங்க. பழைய அளவு இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்புறம் இன்னொண்ணு. அன்னைக்கு மாதிரி ஏதாவது வாயைத் திறந்தீங்கன்னா, நான் அண்ணன் வண்டியிலேயே ஏறிப் போயிடுவேன். சொல்லிட்டேன்.”

மேஸ்திரி டீக் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு நைசாக வெளியேறினார். போகிற போக்கில் டெய்லர் காதருகே வந்து, “தரையில இருக்கே சார். அப்படியே தாள்ல எடுத்துக்குங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதுவும் சரிதான் என்று டெய்லருக்குத் தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது.

மறுநாள் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, கோடு தெரிகிற மெல்லிய தாளைத் தரையில் விரித்து, அதன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். அளவு நாடாவால் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் இடுப்பு எடுத்தார், தோள் எடுத்தார். துணிக்குப் போடுகிற சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார்.

கதவு தட்டப்பட்டது. “உள்ள என்ன பண்றீங்க இவ்வளவு நேரமா?”

“ஒண்ணுமில்ல.”

“தண்ணி விழுற சத்தமே காணோம்?”

“தரை காயுதான்னு பார்க்கிறேன்.”

“அது நேத்தே காஞ்சுடுச்சு. வெளிய வாங்க.”

வெளியே வந்தவரை அவள் மேலும் கீழும் பார்த்தாள். மார்பிலும் வயிற்றிலும் சுண்ணாம்பு. “காலை எடுத்து வெச்சாலே தெரியுமே காஞ்சது. நெஞ்சை வெச்சா பார்ப்பாங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போனாள்.

லினோலியத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. குளியலறையிலிருந்து பெயர்த்தெடுத்த பழைய லினோலியம் கொல்லைச் சுவரோரம் சுருண்டு கிடந்தது. தூக்கிப் போடுங்கள் என்று மனைவி தினமும் சொல்லிக்கொண்டிருந்த அதே சுருள். அதில் நல்ல பாகமாகப் பார்த்து வெட்டிக் கடைக்குக் கொண்டு போனார். எடுத்த அளவை நாலில் ஒரு பங்காகச் சுருக்கி, பட்டன் துளை போடுகிற சின்னக் கத்தியால் செதுக்கினார். மை பக்கத்து அச்சகத்தில் கிடைத்தது. கல்யாணப் பத்திரிகை அடிப்பவர் கறுப்பும் சிவப்பும் டப்பா மூடியில் ஊற்றிக் கொடுத்து, “எதுக்கு?” என்று கேட்டார். “குடும்ப விஷயம்,” என்றார் டெய்லர்.

பஞ்சால் மையை ஒத்தினார். தாளை வைத்தார். மேலே இஸ்திரிப் பெட்டியை, சூடு இல்லாமல், அழுத்தி நகர்த்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு தாளை உரித்தார்.

கோடு ஒவ்வொன்றும் கத்தி மாதிரி விழுந்திருந்தது. டெய்லருக்குத் தன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. பிறகுதான் கவனித்தார். வலது மூலையில் இருக்க வேண்டிய கறுப்பு வட்டம் இடது மூலையில் இருந்தது. மேல் நோக்கிச் சாய வேண்டிய சிவப்பு முக்கோணம் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. படம் முழுக்கக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிக்கொண்டிருந்தது.

வலது கை, இடது கை என்று வாழ்நாள் முழுக்க மாற்றாமல் வெட்டிய மனிதர். ஒரு நாள்கூட ஒரு சட்டைக்கு இரண்டு வலது கை வைத்ததில்லை. அவருக்கு, செதுக்குவதைத் திருப்பிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும் என்பது தோன்றவேயில்லை.

மறுபடி செதுக்க லினோலியம் வேண்டும். மிச்சம் கிடந்த சுருளை, ஒருவழியாகக் கணவர் அதில் கை வைத்துவிட்டார் என்ற சந்தோஷத்தில், மனைவி குப்பை வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தாள். கடையில் சுற்றுமுற்றும் பார்த்தார். துணி வெட்டுகிற மேஜையின் மேல், கடை ஆரம்பித்த நாளில் ஒட்டிய லினோலியம், வழுவழுவென்று, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

மேஜையைப் பெயர்க்க மனசு வரவில்லை. அப்படியே, மேஜை மேலேயே செதுக்கிவிட்டார். இனி அதில் துணி வைத்து வெட்டினால் கத்தரி பள்ளத்தில் இறங்கும். பரவாயில்லை. இத்தனை வருஷம் கழித்து ஒரு அண்ணன் வருகிறார்.

மை ஒத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டைல்ஸ் கடை.

“சார் வணக்கம். டிசைன் எல்லாம் திருப்திதானே?”

“தரை போட்டாச்சுய்யா.”

“இல்ல சார், பிடிச்சுதான்னு—”

“இந்த வீட்டுக்கு இனி எந்த டிசைனும் வேண்டாம். வை போனை.” ஒரு கையில் சிவப்பு, ஒரு கையில் கறுப்பு, காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். இந்த நிலையில் இருப்பவனிடம் வியாபாரம் பேசுகிறானே என்று எரிச்சல்பட்டார்.

போனை வைத்த கையோடு வாசலில் மனைவியின் குரல் கேட்டது. “சட்டை முடிஞ்சுதாங்க?”

டெய்லருக்கு யோசிக்க நேரமில்லை. மேஜை முழுக்க ஈர மை. கைக்குக் கிடைத்த துணியை எடுத்து அதன் மேல் போட்டு மூடினார். போட்ட பிறகுதான் தெரிந்தது, அது மச்சானுக்குத் தைத்து முடித்த வெள்ளைச் சட்டை என்று.

“அட, முடிச்சு வெச்சிருக்கீங்களே,” என்று மனைவி உள்ளே வந்தாள். “காலர் அழகா வந்திருக்கு.” சொல்லிக்கொண்டே, கொண்டு வந்த டிபன் கேரியரைச் சட்டையின் நடுவில் வைத்தாள். அது போதாதென்று, பேச வசதியாக இரண்டு முழங்கையையும் அதன்மேல் ஊன்றிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன சமைப்பது, அண்ணிக்கு எது பிடிக்காது, அண்ணன் முன்பெல்லாம் எப்படிச் சாப்பிடுவார் என்று ஒரு மூச்சுப் பேசினாள். டெய்லர் அவளுடைய முழங்கைகளையே பார்த்துக்கொண்டு, “சரி, சரி,” என்றார்.

அவள் போன பிறகு சட்டையைத் தூக்கிப் பார்த்தார். முதுகு முழுக்கப் படம். இஸ்திரிப் பெட்டியால்கூட இவ்வளவு நேர்த்தியாக அழுத்தியிருக்க முடியாது. வட்டம் வலது மூலையில், முக்கோணம் சரியான பக்கம். எல்லாம் அதனதன் இடத்தில். இந்தச் சட்டையை ஃப்ரேம் போட முடிந்தால் தேவலை.

தாளில் இன்னொன்று எடுத்து, அதை ஃப்ரேமுக்குக் கொடுத்தார். சட்டைக்கு மறுபடி துணி வாங்க நேரமில்லை. முன்பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி மடித்து, குண்டூசி குத்தி, அட்டைப் பெட்டியில் போட்டு ரிப்பன் கட்டினார். வீட்டுக்குப் போய்ப் பிரித்து, பார்த்து, திட்டிக்கொள்ளட்டும். அதற்குள் சாப்பாடு முடிந்திருக்கும்.

சனிக்கிழமை படம் கூடத்துச் சுவரில் ஏறியது. மனைவி எதிரே நின்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள்.

“ஏங்க.”

“உம்.”

“இது நம்ம பாத்ரூம் மாதிரியே இருக்கே.”

டெய்லர் நேராக இருந்த ஃப்ரேமை இன்னும் நேராக்கினார். “இந்தப் படத்தைப் பார்த்துத்தான் தரையே போடச் சொன்னேன். உங்க அண்ணன் மேல உள்ள மரியாதையில.”

மனைவி மறுபடி அழுதாள். இந்த வாரத்தில் எத்தனையாவது முறை என்று அவளுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். தாடி இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது. முகம் இறுகியிருந்தது.

“அண்ணி எங்கண்ணே?” என்றாள் தங்கை.

“தெரு முழுக்க வண்டி. நிறுத்த இடம் தேடிக்கிட்டிருக்கா. வருவா.” டெய்லரைப் பார்த்துத் தலையை ஒரு அங்குலம் அசைத்தார். “என்ன மாப்பிள்ளை.”

“வாங்க மச்சான்,” என்று சொல்லி வாயை இறுக மூடிக்கொண்டார் டெய்லர்.

மச்சான் படத்தின் முன்னால் போய் நின்றார். கிட்டப் போனார். தள்ளி வந்தார். நெற்றியைச் சுருக்கினார். டெய்லர் மனதுக்குள் தன் துணிமணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தார். பிறகுதான், மூட்டை கட்டப் போவது மனைவி அல்லவா என்று நினைவு வந்தது.

“இவ்வளவு சுத்தமாவா வெட்டியிருக்கேன் நான்,” என்றார் மச்சான், தனக்குத்தானே.

“நல்லா இருக்காண்ணே?”

“நல்லா இருக்காவா? இந்த முக்கோணத்தைப் பாரு. எப்படிச் சாயுது. இது நீதான்.” தங்கையைக் காட்டினார். “இந்தக் கறுப்புச் சதுரம், அசையவே அசையாம, ஒரு பிடிவாதம்.” டெய்லரைக் காட்டவில்லை, ஆனால் கண் அந்தப் பக்கம் போய் வந்தது. “கடைசியில இந்த மூலையில ஒரு வட்டம். இதுதான் படத்தோட உயிர். மேல இருக்கிற ஒவ்வொரு கோடும் இதை நோக்கித்தான் ஓடுது. மனசுல இருக்கிற கசடு எல்லாம் வடிஞ்சு, இதுக்குள்ள போய்க் காணாமப் போயிடணும். அதை யோசிச்சுத்தான் இதை அங்க வெச்சேன்.”

“கரெக்டா உட்கார்ந்திருக்கு மச்சான்,” என்றார் டெய்லர். மேஸ்திரியின் வார்த்தை தானாக வந்துவிட்டது.

மச்சான் திரும்பி அவரைப் பார்த்தார். “உங்களுக்குப் புரியுது மாப்பிள்ளை,” என்றார் மெதுவாக. பிறகு படத்தின் அடிப்பக்கம் குனிந்தார். “ஆனா பாருங்க, கையெழுத்தே போடாம அனுப்பியிருக்கேன். இவ்வளவு மறதியா எனக்கு? ஃப்ரேமைக் கழட்டுங்க. ஒரு பென்சில் குடுங்க.”

டெய்லர் காதிலிருந்த பென்சிலைக் கொடுத்தார். மச்சான் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, நிதானமாக, சுழித்துக் கையெழுத்துப் போட்டார். மறதிக்கு மன்னிப்பாகத் தேதியும் போட்டார்.

“இதுக்கே இப்படீன்னா,” என்றாள் தங்கை, அடக்க முடியாமல், “பாத்ரூமைப் பாருங்கண்ணே.”

“பாத்ரூம் வேண்டாம்,” என்றார் டெய்லர் அவசரமாக. “அவருக்கு இப்போ அவசியம் இல்ல.”

ஆனால் அவள் கதவைத் திறந்துவிட்டாள். மச்சான் உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரொம்ப நேரம் வரவில்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. டெய்லர் மட்டும்தான் அந்த வீட்டில் அதற்குக் காரணம் ஊகிக்கக்கூடியவர்.

வெளியே வந்தபோது மச்சானின் சட்டை முன்பக்கம் கொஞ்சம் ஈரமாக இருந்தது. கண்ணும்தான்.

“எத்தனையோ பேர் என் படத்தைச் சுவத்துல மாட்டியிருக்காங்க. அதுக்குள்ள என்னை யாரும் நிக்க வெச்சதில்ல,” என்றார். “மாப்பிள்ளை, அன்னைக்கு நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்.”

“அண்ணே, சட்டை ஈரமாயிடுச்சே. இருங்க, இவர் உங்களுக்குன்னே ஒண்ணு தெச்சு வெச்சிருக்காரு.” தங்கை பெட்டியை எடுத்தாள்.

“வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கட்டுமே,” என்றார் டெய்லர். யாரும் கேட்கவில்லை. ரிப்பன் போனது. குண்டூசி போனது. மச்சான் சட்டையை உதறி விரித்தார்.

முதுகு தெரிந்தது.

தங்கை வாயில் கை வைத்துக்கொண்டாள். மச்சான் சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். சுவரைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார்.

“எப்போ தைப்பீங்கன்னு கேட்டீங்க அன்னைக்கு,” என்றார். “அதுக்கு அர்த்தம் எனக்கு இப்பத்தான் புரியுது. கடைசியில நீங்களே தெச்சுட்டீங்களே மாப்பிள்ளை.”

சட்டையை அங்கேயே மாட்டிக்கொண்டார். டெய்லரை இழுத்துக் கட்டிக்கொண்டார். முழுக்கக் காயாத மை டெய்லரின் உள்ளங்கைகளில் ஒட்டிக்கொண்டது. தங்கை இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். டெய்லருக்கே ஒரு கணம், இதெல்லாம் தான் யோசித்துத்தான் செய்தோமோ என்று தோன்ற ஆரம்பித்தது.

அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணி உள்ளே வந்தாள். வெயிலில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்ததில் முகமெல்லாம் வியர்வை. கக்கத்தில் நீளமாக ஒரு அட்டைக் குழாய் இருந்தது.

“ஏங்க, தங்கச்சிக்கு அனுப்பிட்டேன் அனுப்பிட்டேன்னு சொன்னீங்களே, அந்தப் படம் இன்னும் நம்ம வண்டி பின் சீட்டுலதான் கிடக்குது.”